பதின்மூன்று பொருள் உள்ள யூகலேலி கிட்டை எப்படி எடைபோடுவது

கேள்வி இதுதான்: ஒன்பது வயது மகள், இரண்டு வருடமாக வாய்ப்பாட்டு கற்கிறாள், பள்ளியில் தோழி யூகலேலி (கிடார் மாதிரி ஒரு சின்ன நான்கு தந்தி வாத்தியம்) வாசிப்பதைப் பார்த்து அவளுக்கும் ஆசை வந்துவிட்டது. நீங்கள் ஆன்லைனில் இரண்டு கிட் பார்த்து வைத்திருக்கிறீர்கள். ஒன்று 2,500 ரூபாய்க்குள், 21 இன்ச் சோப்ரானோ என்ற சின்ன அளவு, கூடவே பை, ட்யூனர், ஸ்ட்ராப், பிக் (தந்தி மீட்டும் சின்னத் தகடு), உபரி தந்தி, கேப்போ (கழுத்தில் மாட்டிச் சுருதியை உயர்த்தும் கவ்வி), துடைக்கும் துணி, புத்தகம் என்று மொத்தம் பதின்மூன்று பொருள். இன்னொன்று 4,500 ரூபாய் பக்கம், 23 இன்ச் கான்சர்ட் என்ற அடுத்த அளவு, ஒரு பை, ஒரு ட்யூனர், சின்னக் கையேடு, அவ்வளவுதான். முதல் கிட்டில் இவ்வளவு தருகிறார்களே, இரண்டாவதுக்கு ஏன் அதிகம் கொடுக்க வேண்டும் என்று கேட்கிறீர்கள்.

என் பதில், இரண்டாவதை வாங்குங்கள். காரணத்தை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அது புரிந்துவிட்டால் இந்த இரண்டு கிட்டை மட்டும் இல்லை, நாளைக்கு வேறு எது கண்ணில் பட்டாலும் நீங்களே எடைபோட்டுவிடலாம். பிள்ளைகளுக்கு கிடாரும் யூகலேலியும் சொல்லித் தருகிறேன், அவர்கள் கொண்டு வருகிற வாத்தியங்களைக் கழற்றிச் சரிசெய்தும் கொடுக்கிறேன், அந்த அனுபவத்தில் எழுதுகிறேன். விலைகள் எல்லாம் தோராயம், பண்டிகைக்கால தள்ளுபடியில் மாறும்.

கிட் தயாரிப்பவருக்கு இவ்வளவுக்கு மேல் விலை வைத்தால் விற்காது என்று ஒரு எல்லை உண்டு. அந்த எல்லைக்குள்தான் வாத்தியம், கூட வரும் பொருட்கள், பெட்டி, அனுப்பும் செலவு, விற்கிற தளத்தின் கமிஷன் எல்லாம் அடங்கியாக வேண்டும். பொருள் ஒன்று கூடினால் வாத்தியத்தின் பங்கு அந்த அளவு குறையும். மரத்தில்தான் மிச்சம் பிடிப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் இந்த விலையில் எல்லாருமே ஏறக்குறைய ஒரே மாதிரி லேமினேட் பலகையை, அதாவது ஒட்டுப்பலகையைத்தான் போடுகிறார்கள். மிச்சம் பிடிக்கிற இடம் கைவேலை. வாத்தியம் ஒட்டி முடித்த பிறகு ஒருவர் உட்கார்ந்து தந்தியின் உயரத்தைச் சரிபார்த்து, ஃபிரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த கம்பி) முனைகளை அரத்தால் மழுக்கி, ஒவ்வொரு சுரமும் சரியாகப் பேசுகிறதா என்று வாசித்துப் பார்க்க வேண்டும். அதற்கு நேரம் ஆகும், நேரத்துக்குக் கூலி ஆகும், மலிவு கிட்டில் முதலில் காணாமல் போவது இந்த வேலைதான். படத்தில் பார்த்தால் இது தெரியாது. பதின்மூன்று பொருளையும் வரிசையாக அடுக்கி எடுத்த படத்தில் தெரியவே தெரியாது.

இதில் முக்கியமான இடம் நட். தலைப்பக்கத்தில், ட்யூனிங் கீகளுக்குக் கீழே நான்கு வெட்டுகளோடு ஒரு சின்ன வெள்ளைத் துண்டு இருக்குமே, அதுதான். அந்த வெட்டுகள் எவ்வளவு ஆழம் இருக்கின்றன என்பதைப் பொறுத்துத்தான் முதல் சில ஃபிரெட்களில் தந்தி எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்பது முடிவாகிறது. ஆழம் கொஞ்சம் அதிகமாகிவிட்டால் தந்தி ஃபிரெட்டில் உரசி 'ஸ்ஸ்ர்' என்று இரையும், வாங்கியவர் அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுவார். ஆழம் போதாமல் இருந்தால் இரைச்சல் வராது, அதனால் புதிதாக வாங்குகிறவருக்கு எதுவும் தவறாகத் தெரியாது. எனவே மலிவு வாத்தியங்களில் வெட்டை மேலோட்டமாகவே விட்டுவிடுகிறார்கள். விளைவு என்ன? தந்தியை அழுத்த அதிக பலம் வேண்டும், பிள்ளைக்கு விரல் வலிக்கும். அதைவிட மோசமானது, உயரத்தில் நிற்கும் தந்தியைக் கீழே அமுக்கும்போது அது இழுபடுகிறது, இழுபட்டால் சுருதி ஏறிவிடும். திறந்த தந்தி நான்கும் கச்சிதமாக சுருதி சேர்ந்திருக்கும், ட்யூனர் பச்சை விளக்கு காட்டும், ஆனால் முதல் ஃபிரெட்டில் விரல் வைத்த உடனே அபஸ்வரம்.

யூகலேலியில் முதலில் சொல்லித் தரும் கார்டுகள் (பல சுரங்களைச் சேர்த்து ஒன்றாக ஒலிப்பது) என்னென்ன என்று பாருங்கள், தந்திகளின் பெயர் மேலிருந்து கீழே ஜி, சி, ஈ, ஏ. சி, ஏ மைனர், எஃப், ஜி செவன். இந்த நான்கு வந்துவிட்டால் எத்தனையோ பாட்டு வாசிக்கலாம், முதல் சில மாதங்கள் இவற்றிலேயே போய்விடும். சி கார்டுக்கு ஏ தந்தியில் மூன்றாம் ஃபிரெட், ஏ மைனருக்கு ஜி தந்தியில் இரண்டாம் ஃபிரெட், எஃப் கார்டுக்கு அதோடு ஈ தந்தியில் முதல் ஃபிரெட், ஜி செவனுக்கு சி தந்தியிலும் ஏ தந்தியிலும் இரண்டாம் ஃபிரெட், ஈ தந்தியில் மறுபடியும் முதல் ஃபிரெட். மூன்றாம் ஃபிரெட்டைத் தாண்டவே இல்லை. நான்கில் இரண்டு கார்டு ஈ தந்தியின் முதல் ஃபிரெட்டை நம்பி நிற்கிறது. நட் உயரமாக இருந்தால் மிக மோசமாக விலகுவதும் அந்த முதல் ஃபிரெட்தான்.

இதனால்தான் யூகலேலி விமர்சனங்களில் பன்னிரண்டாம் ஃபிரெட்டை மட்டும் சோதித்துவிட்டு 'இன்டோனேஷன் அருமை', அதாவது ஃபிரெட்களில் சுருதி சுத்தம் என்று சொல்லும்போது எனக்கு ஒப்புவதில்லை. பன்னிரண்டாம் ஃபிரெட் உங்கள் மகளுக்கு இந்த வருடம் தேவையே படாது. முதல் மூன்று ஃபிரெட்தான் அவளுடைய உலகம். அங்கே வாத்தியம் பொய் பேசினால், கார்டை எவ்வளவு சரியாகப் பிடித்தாலும் சத்தம் கோணலாகவே வரும், அதுவும் பாட்டு கற்கிற பிள்ளைக்கு அது காதில் உறுத்தும். குறை வாத்தியத்தில் இருக்கிறது என்று ஒன்பது வயதுக் குழந்தைக்கு யார் சொல்வது? தனக்கு வரவில்லை என்று நினைத்துக்கொண்டு ஓரமாக வைத்துவிடும். அப்படி ஓரம் கட்டிய வாத்தியங்களை நிறையப் பார்த்துவிட்டேன், நட்டைக் கொஞ்சம் தேய்த்ததும் அதே பிள்ளைகள் உற்சாகமாக வாசிப்பதையும் பார்த்திருக்கிறேன்.

சரி, பெட்டி வீட்டுக்கு வந்ததும் என்ன செய்ய வேண்டும்? பிரிக்கும்போதே போனில் வீடியோ எடுத்து வையுங்கள், திருப்பி அனுப்ப நேர்ந்தால் உதவும். முதலில் சுருதி சேர்க்காமல் கையால் தடவிப் பாருங்கள். கழுத்தின் இரண்டு ஓரத்திலும் விரலை மேலிருந்து கீழாக ஓட்டினால் ஃபிரெட் கம்பியின் முனை எங்காவது கீறுகிறதா? கீறினால் அது பிள்ளையின் கையையும் கீறும். தலைப்பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை நோக்கினால் முறுக்கோ வளைவோ தெரிந்துவிடும். தந்தியைக் கட்டியிருக்கும் பிரிட்ஜின் பின் ஓரத்தில் ஒரு மெல்லிய காகிதத்தை நுழைத்துப் பாருங்கள், உள்ளே போனால் பசை சரியாகப் பிடிக்கவில்லை, நாளைக்கு அது பெயர்ந்து வரும், அதற்குமேல் சோதிக்க வேண்டியதே இல்லை, திருப்பி அனுப்பிவிடலாம். காதருகே மெதுவாகக் குலுக்கினால் உள்ளே ஏதாவது கழன்று ஆடுகிறதா என்றும் தெரியும்.

அடுத்தது சுருதி சேர்ப்பது. மேலிருந்து கீழே ஜி, சி, ஈ, ஏ. இங்கே பெற்றோர் பலர் குழம்புகிற ஒரு விஷயம் உண்டு: மேலே இருக்கும் ஜி தந்தி அடுத்த சி தந்தியைவிட மெல்லியதாக இருக்கும், சத்தமும் உயரமாக வரும். தந்தியை மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம், யூகலேலியின் வழக்கமான அமைப்பே அதுதான், அந்தக் கலகலப்பான ஓசை அதனால்தான் வருகிறது. கிளிப் ட்யூனர் எந்த ஸ்தாயியாக இருந்தாலும் வெறும் எழுத்தை மட்டும் காட்டும், அதனால் தெரியாமல் ஒரு ஸ்தாயி மேலே முறுக்கித் தந்தியை அறுத்துவிடுகிறவர்கள் உண்டு. முதல் தடவை போன் செயலியில் ஜி4, சி4, ஈ4, ஏ4 என்று எண்ணோடு பார்த்துச் சேருங்கள். ஏ தந்தி 440 ஹெர்ட்ஸ், அதிலிருந்து மற்றவை.

உங்கள் வீட்டில் சுருதிப்பெட்டி செயலி கட்டாயம் இருக்கும். ஒரு கட்டையில் வைத்தால் சி தந்தி ஷட்ஜம், ஜி தந்தி பஞ்சமம், இரண்டையும் அதோடு ஒப்பிட்டு மகளே சரிபார்க்கலாம், காதுக்கு அருமையான பயிற்சி. ஈ தந்தி அந்தர காந்தார இடத்தில் வரும், ஆனால் ட்யூனர் காட்டுகிற ஈ, தம்புராவோடு இழைகிற காந்தாரத்தைவிட ஒரு 14 சென்ட் தூக்கலாக இருக்கும். ஒரு அரைச்சுரத்தை நூறாகப் பிரித்தால் ஒரு பங்குதான் சென்ட். கிடார், கீபோர்டு, யூகலேலி எல்லாமே சம அளவில் பிரித்த சுரத்தில் இயங்குகின்றன, அதனால் வருகிற வித்தியாசம் அது. மகள் 'அம்மா, காந்தாரம் கொஞ்சம் ஏறி இருக்கு' என்று சொன்னால் அவள் காது சரியாக இருக்கிறது என்று அர்த்தம், கிட்டைத் திருப்பி அனுப்பிவிட வேண்டாம்.

புதுத் தந்தி முதல் சில நாள், சில சமயம் ஒரு வாரம்கூட, இழுபட்டுக்கொண்டே இருக்கும். பத்து நிமிடத்தில் சுருதி இறங்குவதைப் பார்த்து வாத்தியம் மோசம் என்று எழுதுகிறவர்கள் நிறைய. அது நைலானின் இயல்பு. ஒவ்வொரு தந்தியையும் நடுவில் பிடித்து மெதுவாக மேலே இழுத்து விட்டு மறுபடி சுருதி சேருங்கள், இப்படி நாலைந்து சுற்று செய்துவிட்டு ஒரு இரவு விட்டுவிடுங்கள். அடுத்த நாள்தான் உண்மையான சோதனை.

அந்தச் சோதனையை இப்படிச் செய்யுங்கள். போன் செயலியில் சென்ட் காட்டுகிற ட்யூனரைத் திறந்து, ஈ தந்தியின் முதல் ஃபிரெட்டை ஃபிரெட் கம்பிக்கு மிக அருகில், பின்னால், இரைச்சல் வராத அளவுக்கு மட்டும் லேசாக அழுத்தி மீட்டுங்கள். பலமாக அழுத்தினால் நல்ல வாத்தியத்திலும் சுருதி ஏறும், அது நியாயமான சோதனை ஆகாது. எஃப் என்று காட்ட வேண்டும், முள் 10 சென்டுக்குள் நின்றால் இந்த விலைக்கு நல்லது, 15 வரை பொறுத்துக்கொள்ளலாம், 20, 30 என்று ஏறினால் நட் உயரம். இதையே நான்கு தந்தியிலும் முதல் மூன்று ஃபிரெட்டுக்கும் செய்யுங்கள். கண்ணால் பார்க்கவும் ஒரு வழி இருக்கிறது: தந்தியை மூன்றாம் ஃபிரெட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு முதல் ஃபிரெட்டுக்கு மேலே தந்திக்கும் கம்பிக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். ஒரு தாள் கனம் இருந்தால் போதும். பளிச்சென்று வெளிச்சம் தெரிகிற அளவு இருந்தால் அதிகம்.

காதால் சோதிக்க ட்யூனரே வேண்டாம். ஜி தந்தியின் இரண்டாம் ஃபிரெட்டும் திறந்த ஏ தந்தியும் ஒன்றாக ஒலிக்க வேண்டும். ஈ தந்தியின் மூன்றாம் ஃபிரெட்டும் திறந்த ஜி தந்தியும் ஒன்று, சி தந்தியின் நான்காம் ஃபிரெட்டும் திறந்த ஈ தந்தியும் ஒன்று. பாட்டு கற்கிற பிள்ளை இதை நொடியில் சொல்லிவிடும், கொஞ்சம் விலகினாலும் அந்த அலையலையான நடுக்கம் கேட்கும். அப்புறம் ஒவ்வொரு தந்தியிலும் பன்னிரண்டு ஃபிரெட் வரைக்கும் ஒவ்வொன்றாக அழுத்தி மீட்டி எங்காவது இரைகிறதா, எங்காவது சத்தம் செத்துப் போகிறதா என்று கேளுங்கள். மொத்தம் 48 சுரம், ஐந்து நிமிட வேலை. கடைசியாகப் பன்னிரண்டாம் ஃபிரெட்டில் தந்தியின் உயரத்தை ஸ்கேலால் அளந்தால் இரண்டரை முதல் மூன்று மில்லிமீட்டர் இருந்தால் சரி.

நட் மட்டும் உயரம், மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது என்றால் திருப்பி அனுப்பத்தான் வேண்டும் என்று இல்லை. கிடார் ரிப்பேர் பார்க்கிற யாரும் அந்த வெட்டை அரத்தால் ஆழமாக்கிக் கொடுப்பார்கள், சில நூறு ரூபாய் ஆகும். அந்தச் செலவையும் கிட் விலையோடு சேர்த்துப் பாருங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. வீட்டில் நீங்களே அரத்தை எடுக்க வேண்டாம், ஒரு இழுப்பு அதிகமாகிவிட்டால் நட்டையே மாற்ற வேண்டி வரும்.

அளவைப் பற்றி. சோப்ரானோதான் யூகலேலியின் ஆதி அளவு. 1879 ஆகஸ்டில் ரேவன்ஸ்கிராக் என்ற கப்பலில் போர்ச்சுகலின் மதேரா தீவிலிருந்து ஹொனலூலுவுக்கு வந்திறங்கியவர்களில் மூன்று மரவேலைக்காரர்கள், மனுவல் நூனஸ், அகஸ்டோ டியாஸ், ஜோசே டோ எஸ்பிரிட்டோ சாண்டோ, தங்கள் ஊரின் சின்ன நான்கு தந்தி வாத்தியத்தை மாற்றி அமைத்ததில் பிறந்தது இது. கான்சர்ட், டெனர் அளவுகள் 1920-களில்தான் வந்தன. அதனால் சோப்ரானோ குறைந்தது, கான்சர்ட் உயர்ந்தது என்று எதுவும் இல்லை. ஆனால் தொடக்கக்காரருக்கு ஒரு நடைமுறை வித்தியாசம் உண்டு. சோப்ரானோவில் தந்தி பேசுகிற நீளம் சுமார் 34 சென்டிமீட்டர், கான்சர்ட்டில் சுமார் 38. நீளம் குறையக் குறைய ஃபிரெட்கள் நெருங்கும், தயாரிப்பில் வரும் சின்னப் பிழையும் பெரிதாகக் கேட்கும். சோப்ரானோவில் பன்னிரண்டாம் ஃபிரெட் பக்கம் ஒரு அரைச்சுரத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கூட இல்லை, அங்கே ஒரு மில்லிமீட்டர் பிசகினால் 10 சென்ட் போய்விடும். எனவே நன்றாகச் செய்த சோப்ரானோ அற்புதமான வாத்தியம், அவசரமாகச் செய்த சோப்ரானோ அவசரமாகச் செய்த கான்சர்ட்டைவிடத் தொந்தரவு. ஐந்து, ஆறு வயதுக் குழந்தை என்றால் வேறு வழியில்லை, சோப்ரானோதான். ஒன்பது வயதுக்குக் கான்சர்ட் கையில் சுகமாக உட்காரும், பெரியவளானாலும் மாற்ற வேண்டியதில்லை, நீங்களும் எடுத்து வாசிக்கலாம். பாரிட்டோன் என்று போட்டிருந்தால் வாங்காதீர்கள், அதன் சுருதி டி, ஜி, பி, ஈ, பாடப்புத்தகம் எதுவும் ஒத்துவராது.

மரத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். மஹாகனி, சப்பீலி, பாஸ்வுட் என்று என்ன எழுதியிருந்தாலும் இந்த விலையில் அது ஒட்டுப்பலகை, அதில் தவறில்லை. நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கால ஈரத்துக்கும் ஏசி அறைக்கும் மாறி மாறிப் போகிற வாத்தியத்துக்கு லேமினேட் உண்மையிலேயே நல்லது, முழுப்பலகை வெடிக்கிற இடத்தில் இது தாங்கும். 'சாலிட் டாப்' என்று விளம்பரம் இருந்தால் ஒலித்துளையின் ஓரத்தைப் பாருங்கள்: மேலே தெரிகிற மர ரேகை ஓரத்திலும் தொடர்ந்து இறங்கினால் முழுப்பலகை, அடுக்கு அடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை. பிளாஸ்டிக் என்றால் பொம்மை என்றும் முடிவு கட்ட வேண்டாம். 1949-ல் மரியோ மக்காஃபெரி பிளாஸ்டிக்கில் வார்த்துக் கொண்டுவந்த ஐலண்டர் யூகலேலி அமெரிக்காவில் லட்சக்கணக்கில் விற்றது, அதில் கற்றவர்கள் ஏராளம். பெட்டியில் '3+' என்று வயது போட்டு, ஃபிரெட்டையும் கழுத்தோடு சேர்த்து வார்த்து, வண்ண வண்ணத் தந்தி போட்டு வருகிறதே, அதுதான் பொம்மை. அதில் சுருதியே நிற்காது.

ட்யூனிங் கீயில் இரண்டு வகை உண்டு. வீணையின் பிரடை போல உராய்வில் மட்டும் நிற்பது ஒன்று, பல்சக்கரம் வைத்தது இன்னொன்று. உராய்வுக் கீயில் நல்லவை மிக நல்லவை, ஆனால் மலிவு கிட்டில் வருபவை நழுவும், ஒரு மயிரிழை திருப்பினாலே சுருதி எங்கோ போய்விடும். குழந்தைக்குப் பல்சக்கரக் கீதான் வேண்டும். படத்தில் தலையின் பக்கவாட்டில் காது மாதிரி நீட்டிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் பல்சக்கரம், பின்னால் நேராக நின்றால் உராய்வு வகையாக இருக்க வாய்ப்பு அதிகம், விற்பவரிடம் கேட்டுவிடுங்கள். கீ தளர்வாக இருந்தால் அதன் நுனியில் உள்ள சின்ன ஸ்க்ரூவை லேசாக முறுக்கினால் போதும், பலருக்கு இது தெரியாமலே வாத்தியம் சுருதி நிற்கவில்லை என்று சொல்கிறார்கள்.

இப்போது அந்தப் பதின்மூன்று பொருளுக்கு வருவோம். கிளிப் ட்யூனர் உண்மையிலேயே தேவை, அதிர்வை வைத்துப் படிப்பதால் வகுப்பில் பத்துப் பேர் சத்தம் போட்டாலும் வேலை செய்யும். ஆனால் அதில் பட்டன் பேட்டரி இருக்கும், வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அதன் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள், விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. பை தேவை, பள்ளி வேனில் போய் வருகிற பையாக இருந்தால் உள்ளே ஸ்பாஞ்ச் வைத்ததாக இருக்க வேண்டும், வெறும் துணியுறை தூசிக்குத்தான் ஆகும். பிக் வேண்டாம், யூகலேலியை விரலால்தான் வாசிக்கிறோம், கிடாருக்கு வருகிற கெட்டியான பிளாஸ்டிக் பிக் பலகையைக் கீறிவிடும். கேப்போ முதல் வருடம் தேவைப்படாது. ஸ்ட்ராப் என்று தருவது பெரும்பாலும் கழுத்தில் மாட்டி ஒலித்துளையின் ஓரத்தில் கொக்கி போடுகிற வகை, கையை விட்டால் வாத்தியம் முன்னால் கவிழ்ந்து விழும். நல்ல ஸ்ட்ராப் வேண்டுமென்றால் வாத்தியத்தின் அடியில் பட்டன் இருக்க வேண்டும், மலிவு கிட்டில் ஸ்ட்ராப் இருக்கும், அதை மாட்டப் பட்டன் இருக்காது. துணி, ஸ்டிக்கர், விரலுறை, சாவிக்கொத்து எல்லாம் எண்ணிக்கைக்கு. பிக் மூன்று இருந்தால் அதை மூன்று பொருளாக எண்ணுவார்கள், கவனித்துப் பாருங்கள்.

உபரி தந்தி ஒரு செட் தருவது கேட்க நன்றாக இருக்கும், ஆனால் பெயரில்லாத தந்திக்கு உபரி பெயரில்லாத தந்திதான். அந்த இடத்தில் பணம் போட விரும்பினால் இத்தாலியின் அக்கீலா தயாரிக்கும் நைல்கட் என்ற தந்தி அல்லது ஃப்ளோரோகார்பன் என்ற செயற்கை இழையில் செய்த ஏதாவது நல்ல செட் ஒன்று சில நூறு ரூபாய்க்கு வாங்கிப் போடுங்கள். சுமாரான வாத்தியத்தில் வேறு எந்த மாற்றமும் இந்த அளவு வித்தியாசம் காட்டாது. உங்கள் ஊர்க் கடையில் தந்தி மாற்றக் கொடுத்தால் ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும், கிடாரின் ஸ்டீல் கம்பியைப் போட்டுவிடக் கூடாது. அந்த இழுவிசைக்கு யூகலேலியின் பிரிட்ஜ் தாங்காது, பெயர்ந்துவிடும்.

புத்தகத்தைப் புரட்டாமல் விடாதீர்கள். முதல் பக்கத்திலேயே சுருதி ஜி, சி, ஈ, ஏ என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஏ, டி, எஃப் ஷார்ப், பி என்று இன்னொரு பழைய முறையும் உண்டு, கனடாவின் பள்ளிகளில் ஜே. சால்மர்ஸ் டோன் வகுத்த பாடத்திட்டம் அதில்தான் பரவியது, பழைய அமெரிக்கப் புத்தகங்களிலும் பார்க்கலாம். விரல் வைக்கும் இடம் ஒன்றுதான், ஆனால் கார்டின் பெயர் மாறிவிடும், ஆசிரியர் 'சி பிடி' என்றால் பிள்ளை வேறொன்றைப் பிடிக்கும். 'இலவச ஆன்லைன் வகுப்பு' என்று போட்டிருந்தால் அது எத்தனை நாளைக்கு இலவசம், அதற்குப் பிறகு வங்கி கார்டு விவரம் கேட்கிறார்களா என்று வாங்குவதற்கு முன்பே படித்துவிடுங்கள். காலா போன்ற யூகலேலிக்கென்றே இருக்கும் நிறுவனங்கள் தரும் தொடக்கக் கிட்களில் பொருள் குறைவு, பாடம் ஒழுங்கு, அந்த அணுகுமுறைதான் எனக்குப் பிடிக்கும்.

முடிந்தால் நேரில் போங்கள். சென்னை பக்கம் வர நேர்ந்தால் அண்ணா சாலையில் 1842-லிருந்து இருக்கிற மியூசி மியூசிக்கல் மாதிரியான கடையில் நாலைந்து வாத்தியத்தைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். ஒரே மாடலில் இரண்டை எடுத்து வாசித்தால்கூட ஒன்று மற்றதைவிட நன்றாக இருக்கும், இந்த விலையில் அது சகஜம். மகளையும் கூட்டிப் போய் அவளே மடியில் வைத்துப் பார்க்கட்டும். அவளுக்கு இடது கைப் பழக்கம் என்றாலும் தனி வாத்தியம் தேட வேண்டாம், தொடக்கத்திலிருந்தே வழக்கமான முறையில் பழகினால் பழகிவிடும்.

4,500 இப்போது முடியாது என்றால் பதின்மூன்று பொருள் கிட்டுக்குப் போகாதீர்கள். அதே 2,500-க்குக் கிட் எதுவும் இல்லாமல் வாத்தியம் மட்டும் தனியாகக் கிடைக்கும், யூகலேலிக்கென்று பெயர் உள்ள நிறுவனத்தின் அடிப்படை மாடலாகப் பாருங்கள். ட்யூனருக்குப் போன் செயலி, பாடத்துக்கு யூடியூப், பைக்குத் தற்காலிகமாக ஒரு தடித்த துண்டு, மூன்று மாதம் கழித்து மகள் தொடர்ந்து வாசித்தால் மற்றதை ஒவ்வொன்றாக வாங்கலாம். எதை வாங்கினாலும் திருப்பி அனுப்பும் கெடு என்றைக்கு முடிகிறது என்று முதலில் பாருங்கள், பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள்தான் இருக்கும். தந்தி இழுபட்டு நிற்க இரண்டு மூன்று நாள் போய்விடும் என்பதால் பெட்டி வந்த அன்றே சுருதி சேர்த்து வைத்து, நான்காம் நாளுக்குள் ஈ தந்தியின் முதல் ஃபிரெட்டைச் சோதித்துவிடுங்கள். முள் 20-க்கு மேல் போய், பக்கத்தில் சரிசெய்து தர ஆளும் இல்லை என்றால், ட்யூனரும் பையும் எவ்வளவு அழகாக இருந்தாலும் மொத்தக் கிட்டையும் திருப்பி அனுப்பிவிடுங்கள்.